கட்டுப்படியாகும் விலையில் சத்தமில்லாத ஒன்று

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார். டிஷ்வாஷரைப் பார்த்து முடிவு செய்ய அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் உத்தரவாதம் எத்தனை வருஷம், எவ்வளவு சத்தம் போடும் என்றெல்லாம் விசாரித்திருந்தால் நான் இந்த வீட்டு வாசற்படியை மிதித்தே இருக்க மாட்டேன். சத்தத்திலேயே என்னைக் கழித்துக் கட்டியிருப்பார்.

மெஷின் பேச்சு வந்ததற்குக் காரணம் என் வலது கைக் கட்டைவிரல். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, பொங்கல் கழிந்த வாரத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார். என் வயதுதான் அவருக்கும். நான் அவரை வா, போ என்பேன். அவரும் என்னை வா, போ என்பார். அதனால் எங்களுக்குள் பூரண சமத்துவம் நிலவுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முட்டி வலிக்குதும்மா. மூணு மாடி ஏற முடியல" என்றார்.

"லிஃப்ட் இருக்கே" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எங்கள் அடுக்ககத்தின் செக்ரட்டரி, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று லிஃப்ட் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டி வைத்திருக்கிறார். தினமும் நாலு தடவை அந்த நோட்டீஸைப் பார்த்தபடிதான் நான் லிஃப்டில் போய்வருகிறேன். அந்த நேரம் பார்த்து அது ஞாபகம் வரவில்லை.

புதிதாக ஆள் தேடினோம். மயிலாப்பூரில் இப்போது பாத்திரம் தேய்க்க ஆள் கிடைப்பது, மாடவீதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது மாதிரி. கிடைத்தால் விடக் கூடாது. வந்த இரண்டு பேரையும் என் கணவர் கேள்வி கேட்டே விரட்டினார். கடைசியில், "யாரும் வேண்டாம், நாமளே பாத்துக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'நாமளே' என்றால் நான் என்று அர்த்தம்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எவ்வளவு பாத்திரம் விழுந்துவிடும் என்று கேட்பவர்கள், அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காலையில் டிபன், பத்தரைக்குச் சாப்பாடு, மூன்றுக்குக் காபியும் கொறிக்க ஏதாவதும், ராத்திரிக்குப் பலகாரம் வேண்டும் என்பதை அறியாதவர்கள். பங்குனி பிறந்தபோது என் கட்டைவிரல் அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. பேஸ்ட் மூடியைத் திறக்க முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

ராயப்பேட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். விரலை மடக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், நான் கத்தினேன். "தேய்க்கிறது, பிழியறது, முறுக்கறது மூணும் கூடாது. இப்படியே விட்டீங்கன்னா கத்தி வைக்கணும். அப்புறமும் பழைய கை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பட்டை ஒன்று கட்டிவிட்டார். நான் கையை நம்பிப் பிழைக்கிறவள் இல்லைதான். ஆனால் கை இல்லாமல் ஒருநாள் பிழைத்துப் பார்த்தால் தெரியும்.

"மெஷின் வாங்கிடலாம்" என்று டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே கணவர் சொன்னார். அவர் மேல் எனக்கு அப்போது பொங்கிய அன்பைப் பதிவு செய்துவிடுகிறேன். ஏனென்றால் அது ஆட்டோ மயிலாப்பூர் வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. ஆட்டோவிலேயே, "ஆனா ரெண்டு கண்டிஷன். விலை நமக்குக் கட்டுப்படியாகணும். சத்தம் கூடவே கூடாது" என்றார்.

அவர் ஒரு அரசு அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் கைக்கு வராமல் அவருக்கு எதுவும் வாங்கத் தெரியாது. ஓய்வு பெற்றபின் அவருக்கு வாழ்க்கையில் வந்த முதல் பெரிய டெண்டர் இது. ஒரு புது நோட்டு வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடது ஓரத்தில் கம்பெனி பெயர்கள், மேலே தண்ணீர், மின்சாரம், சத்தம், உத்தரவாதம் என்று தலைப்புகள். ஒப்பீட்டுப் பட்டியல் என்று அதற்குச் சிவப்பு மையில் பெயர் வைத்தார். முதலில் தொழில்நுட்பத் தகுதி, அதில் தேறியவற்றுக்குத்தான் விலைப் பரிசீலனை. நான் இடது கையால் பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் ஏன் கூடாது என்றால், அவர் சாப்பிட்டதும் போனில் உபன்யாசம் கேட்பார். கேட்கக் கேட்கத் தூங்கிவிடுவார். மூன்று மணிவரை உபன்யாசம் அவருக்கு உபதேசம் செய்துகொண்டே இருக்கும், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி சத்தம் வந்தால் போதும், "கொஞ்சம் மெதுவா வெக்கப்படாதோ?" என்று ஒரு குரல் வரும். எவர்சில்வரைப் பஞ்சில் செய்கிற வித்தையை யாராவது கண்டுபிடிக்கும்வரை நான் என்ன செய்வது?

ஆராய்ச்சியின் இரண்டாவது மாதத்தில் போனில் ஏதோ ஒரு ஆப் இறக்கினார். சத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும். முதலில் மிக்ஸியை அளந்தார். குக்கர் விசிலை அளந்தார். பால்கனியில் நின்று பழைய பேப்பர்காரர் குரலை அளந்து, "ஒலிபெருக்கி வெச்சிண்டிருக்கான்" என்று குறித்துக்கொண்டார். தண்ணீர் மோட்டார், எதிர் வீட்டுக் கார் பின்னால் வரும்போது பாடுகிற பாட்டு, எல்லாம் நோட்டில் ஏறிற்று. ஒருநாள் காலை நான் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். ஒத்தாசைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு நொடி ஏமாந்துபோனேன்.

அவர் போனை என் கைக்கு அருகில் நீட்டினார். என் கையில் பட்டை. பட்டைக்கு மேல் ஈரம் படாமல் இருக்க பால் கவர் சுற்றி ரப்பர் பேண்டு. அதற்கு ஒரு அங்குலம் தள்ளி அவருடைய போன். வலி சுரீர் என்று முழங்கைவரை ஏறியது. வாணலி கை நழுவித் தொட்டியில் விழுந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எண்பத்தாறு!" என்றார் என் கணவர். கிரிக்கெட்டில் சிக்ஸர் பார்த்த சந்தோஷம். "பாத்தியா, மெஷின் நாப்பத்தி நாலுதான். பாதிதான் நீ!" என்றவர், "இல்லை, நீ ரெண்டு மடங்கு" என்று திருத்திச் சொல்லிக்கொண்டே நோட்டைத் தேடிப் போனார்.

அந்த வாணலியை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் போல இருந்தது. எறிய வலது கை வேண்டும். அதனால்தான் அவர் இன்னும் சௌக்கியமாக இருக்கிறார்.

ஆடித் தள்ளுபடியில்தான் வாங்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த தீர்மானம். அதாவது என் கட்டைவிரல் ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆடி வந்தது. தி.நகரில் எவர்சில்வர் முதல் ஏரோப்ளேன் வரை விற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒரு கடைக்குப் போனோம். கீழே பட்டுப்புடவை, நடுவில் பாத்திரம், நாலாவது மாடியில் மெஷின்கள். மாடி முழுக்க முப்பது டிவியில் முப்பது வித ஓட்டம், ஒலிபெருக்கியில் தள்ளுபடி அறிவிப்பு, ஏசிக்கு அடியில் அழுகிற குழந்தைகள். இந்த இடத்துக்குத்தான் நாங்கள் சத்தமில்லாத மெஷின் எது என்று காதால் கேட்டு அறிய வந்திருந்தோம்.

விற்பனையாளர் டை கட்டிய நடுவயதுக்காரர். பேச்சில் திருநெல்வேலி மணத்தது. "சார், இது லைப்ரரி மாதிரி. ஓடுதான்னு தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும்" என்றார். என் கணவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பக்கத்து டிவிக்காரர்களைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையசைத்தார். யாரும் குறைக்கவில்லை. அவர் குனிந்து, மெஷின் கதவில் காதை வைத்தார். கண்ணை மூடினார். வீட்டில் என் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அற்புதம்" என்றார். "சத்தமே வரலை."

"சார், அது இன்னும் பிளக்குல மாட்டல" என்றார் விற்பனையாளர்.

நான் சிரித்துவிட்டேன். விற்பனையாளர் பாவம், சிரிப்பை அடக்கிக்கொள்ள டையைச் சரிசெய்தார். கடையில் தண்ணீர் இணைப்பு இல்லை, அதனால் எதையும் ஓட்டிக் காட்ட முடியாது என்றும் சொன்னார். என் கணவர் அசரவில்லை. மூன்று கொட்டேஷன் வாங்கிக்கொண்டார். அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சாதம் பட்ட பாத்திரமும் பால், தயிர்ப் பாத்திரமும் ஒண்ணா இருக்கப்படாது. உள்ளே தனித்தனி அறை உண்டோ?" அவருடைய வீட்டில் சாதம் பட்டது பத்து. பத்தைத் தொட்ட கையால் பாலைத் தொடக் கூடாது. அதே மனிதர் ரயிலில் யார் நீட்டினாலும் டீ வாங்கிக் குடிப்பார் என்பதை விற்பனையாளரிடம் நான் சொல்லவில்லை.

"மேல் தட்டு, கீழ் தட்டுன்னு ரெண்டு இருக்கு சார். அதுல ஒண்ணு பாலுக்கு, ஒண்ணு சாதத்துக்கு" என்றார் விற்பனையாளர், கண் சிமிட்டாமல். வியாபாரம் தெரிந்தவர். இரண்டு தட்டிலும் பாய்வது ஒரே தண்ணீர் என்று சொல்ல அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

மூன்றில் நடுவிலிருந்த விலைக்கு ஒன்று வாங்கினோம். மலிவானதில் சத்தம் அதிகம், சத்தம் குறைந்ததில் விலை அதிகம், நடுவிலிருந்ததில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இந்த ஞானத்தைக் கடைக்குள் நுழைந்ததும் நான் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

மெஷினை மாட்ட வந்தவர் கோடம்பாக்கத்துக்காரர். குழாயை இழுத்து, மட்டம் பார்த்து, கதவைத் திறந்து காட்டினார். "உப்பு தனியா வரும் சார், இதுக்குன்னே விக்கிறது. உங்க போர் தண்ணிக்கு அது இல்லாம ஓடாது."

"கல்லுப்பு போட்டா?" என்றார் என் கணவர்.

"இன்னா சார், சாம்பாரா வெக்கப் போறீங்க?" என்றார் அவர். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. என்னைப் பார்த்து, "அக்கா, சோறு, கறிவேப்பிலை, மொளகா, அத்த மட்டும் குப்பையில தட்டி வுட்டுட்டு அப்படியே வெச்சிடு. கழுவி வெக்காதே. கழுவி வெச்சா அப்புறம் மிஷின் எதுக்கு கீது?" என்றார்.

அவர் லிஃப்ட் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் என் கணவர் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அவன் கிடக்கான். எச்சில் தட்டை அப்படியே உள்ளே வெக்கறதாவது. ஃபில்டர் அடைச்சுக்கும். புது மெஷின். நீ லேசா ஒரு தடவை தேச்சு, அலசிட்டு வெச்சிடு" என்றார்.

லேசா ஒரு தடவை. ரசம் வைத்த ஈயச்சொம்பை மெஷினில் வைக்கக் கூடாதாம், அது கையால். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும், அது கையால். இட்லித் தட்டு இடத்தை அடைக்கும், அதுவும் கையால். மிச்சமிருந்த தட்டு, டம்ளர், கிண்ணங்களைத் தேய்த்து, அலசி, பளபளவென்று மெஷினில் நான் அடுக்குவேன். அவர் கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை அளப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, சுத்தமான பாத்திரத்தைச் சுத்தமாக வெளியே தரும். "நாப்பத்தியாறு" என்று யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்வார். வந்தவர்கள் அவர் வயதைச் சொல்கிறாரா, என் வயதைச் சொல்கிறாரா என்று தெரியாமல் சிரித்துவைப்பார்கள்.

பத்து நாளில் என் கை முன்னைவிட மோசமாயிற்று. சொன்னேன். "மெஷின் வந்துடுத்தே, அப்புறம் எப்படி?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. புரிந்தும் புரியாத மாதிரி நடிப்பவரிடம் சண்டை போடலாம். நிஜமாகவே புரியாதவரை என்ன செய்வது?

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு காலை, மெஷின் முடிந்து மணி அடித்தது. நான் சுடச்சுட இருந்த தட்டுகளை எடுத்துத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். பழக்கம். பதினோரு வருஷமாக அந்த அம்மா பின்பக்க பால்கனியில் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனதை நான் இன்னொரு தரம் ஜலம் விட்டு அலம்பித்தான் உள்ளே எடுப்பேன். போனதை என்றா சொன்னேன்? இல்லை, அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்போதே அலம்புவேன். என் மாமியார் அப்படிச் செய்வார். மாமியார் போய் ஏழு வருஷமாகிறது. அந்த வழக்கத்தை விடச் சொல்லி என்னை யாரும் தடுக்கவும் இல்லை, தொடரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. சோப்பு சரியாகப் போகவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா காதிலும் அதையேதான் போட்டு வைத்திருந்தேன்.

"என்னடி பண்றே?" என்றார் கணவர்.

"அலம்பி எடுக்கறேன்."

"எதுக்கு? மெஷின் தேச்சதுதானே. மனுஷா கை படலையே."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன். மெஷினில் போடுவதும் சோப்புதான். கடையில் விற்கிற சோப்பிலேயே கடுமையானது. அது போயிற்றா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷமாக நான் சொல்லி வந்த காரணம் மூன்றே வார்த்தையில் உடைந்து தொட்டியில் கிடந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோபமாக மாற்றிக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

"மனுஷா கை படலையா? உள்ளே வெக்கறதுக்கு முன்னாடி தேச்சேனே, அது யார் கை?"

"நீ ஆத்து மனுஷி. நீ வேற."

"சரி. இருபத்தெட்டு வருஷமா உங்க எச்சில் தட்டை இந்தக் கை எடுக்கறது. அதுக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆகலை. நேத்து வந்த மெஷினுக்கு எச்சில் பட்டா ஆகாதா? ஃபில்டர் அடைச்சுண்டா கழட்டலாம், புதுசு மாட்டலாம். என் கட்டைவிரலைக் கழட்டி மாட்டுவேளா? அஞ்சு மாசம் அந்தப் பெட்டி எவ்வளவு சத்தம் போடும்னு அளந்தேளே, எனக்கு எவ்வளவு வலிக்கறதுன்னு ஒரு தடவை கேட்டேளா?"

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். அவர் என் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். ஐந்து மாதமாக அது அங்கேதான் இருந்தது. சாப்பிட்டு வைத்திருந்த தன் தட்டை எடுத்தார். மிச்சமிருந்த கறிவேப்பிலையைக் குப்பையில் தட்டினார். பாதி குப்பையிலும் பாதி தரையிலுமாக விழுந்தது. தட்டை மெஷினில் தலைகீழாக வைத்தார். நான் திருத்தவில்லை.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் உருக வேண்டாம். மறுநாளே மெஷின் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. 'பாத்திரங்களைக் கழுவாமல் வைக்கவும். சாதத்தை மட்டும் அகற்றவும்.' கீழே அவர் கையெழுத்து, தேதி. இந்த முறையைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்ததாக நண்பர்களிடம் சொல்கிறார். சொல்லட்டும். அடுக்குவது இப்போது அவர்தான். தோசைக்கல்லையும் அவர்தான் தேய்க்கிறார், அது ஒரு தேசியத் தியாகம் என்ற முகத்தோடு.

கைக்கு ஒரு மாதம் ஓய்வு கிடைத்தது. வீக்கம் வடிந்தது. ராயப்பேட்டை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம், பட்டையை இன்னும் கொஞ்ச நாள் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். சந்தோஷமாக வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அவர்தான் முதலில் பார்த்தார். "இன்னாமா, கையில இன்னா கட்டு?"

சொன்னேன். நாக்கைத் தட்டி உச்சுக் கொட்டினார். அதில் பொய் இல்லை. "தனியாவா தேச்சினு இருந்தே? மிஷின் வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரே."

"அது இப்போதான் வந்தது. உனக்கு முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கு இன்னா? நல்லாத்தான் கீது" என்றவர், சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, லேசாகச் சிரித்தார். மறைக்கவில்லை. "அடையாறுல ஒரு வூட்டுக்குப் போய்க்கினு கீறேன். அங்கயும் மிஷின்தான். நான்தான் அடுக்கறது, எடுக்கறது எல்லாம். நீ இட்லி தட்ட எப்டி வெக்கிற? படுக்க வெக்காத, நிக்க வெய்யி. அடியில ஒரு சல்லடை கீது பாரு, அத்த வாரத்துக்கு ஒரு தபா கயட்டிக் கழுவு. இல்லாங்காட்டி நாறும்."

ஐந்து மாதம் கோடு போட்ட நோட்டில் இது ஒன்றுகூட இல்லை. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். என்னை அறியாமல் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "நீ எடுத்து வெச்சப்புறம் அவங்க அலம்புவாங்களா?"

"எதுக்கு? நான் ஷெல்புல அடுக்குவேன். அவங்க எடுத்து சாப்புடுவாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாயிற்று. அக்கம்பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "நான் பண்ணினது தப்பு. சோப்புன்னு சொன்னதெல்லாம் பொய். மன்னிச்சுக்கோ. திரும்ப வரியா? இனிமே அலம்ப மாட்டேன்."

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "சோப்பு ஒட்டிக்கினு கீதுன்னு நீ சொல்லுவியா, நான் சரியா தேய்க்கலன்னு நெனச்சிக்கினேன். வந்த புதுசுல ரெண்டு வருசம், ஒவ்வொரு சாமானையும் அழுத்தி அழுத்தித் தேச்சு, மூணு தண்ணி ஊத்திக் கழுவுனேன். அப்பறம்தான் புரிஞ்சுச்சு, நான் தங்கமாட்டம் கழுவி வெச்சாலும் நீ அலம்பத்தான் போறேன்னு. வேணாம்மா. நான் வர்ல."

அடையாறு பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"அப்போ உனக்குக் கை வலிச்சுதா?" என்று கேட்டேன்.

கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "இப்பதான் கேக்கறியா?" என்றார். பஸ் புறப்பட்டுவிட்டது.